நிற்கும்போது சொட்டு, ஓடும்போது காற்று: ஒரு பழைய டிராக்டரின் டீசல் லைன் பழுது

வண்டியும் அதன் நிலையும்

திருவாரூர் மாவட்டத்தில் சொந்த நிலத்தோடு வெளி உழவும் பார்க்கும் ஒரு விவசாயியின் டிராக்டர். 1980களின் கடைசியில் வாங்கியது. மூன்று சிலிண்டர், சுமார் 35 எச்.பி., இன்லைன் பம்ப் (டீசலை அளந்து ஹை பிரஷரில் நாசிலுக்கு அனுப்புவது; கீழே வெறும் ‘பம்ப்’ என்பது இதுதான்). எஞ்சின் ஒருமுறை போரிங் பார்த்து லைனர், பிஸ்டன் மாற்றியிருக்கிறது. டீசல் பைப்புகளை மட்டும் யாரும் மொத்தமாகத் தொட்டதில்லை. ஒழுகிய இடத்தில் ஒழுகியபோது எதையாவது வைத்து அடைத்தே முப்பது ஆண்டு ஓடிவிட்டது.

இந்த வகை வண்டியில் டேங்க் பானெட்டுக்குள், எஞ்சினுக்கு மேலே இருக்கும். டேங்கின் அடியில் ஒரு டேப் (டீசலைத் திறந்து மூடும் திருகுக் குழாய்). அங்கிருந்து ஒரு பைப் இறங்கி, பம்பின் பக்கவாட்டில் பூட்டியிருக்கும் ஃபீட் பம்புக்கு வரும். ஃபீட் பம்ப் டீசலை இழுத்து இரண்டு கிண்ண ஃபில்டருக்குத் தள்ளும். ஃபில்டரிலிருந்து பம்ப், பம்பிலிருந்து மூன்று ஹை பிரஷர் பைப் வழியாக நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை). நாசிலில் மிஞ்சும் டீசலும் பம்பின் ஓவர்ஃப்ளோவும் ஒரே ரிட்டர்ன் லைனில் சேர்ந்து டேங்கின் மேல்பக்கம் போய் விழும்.

பாதையை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பழுது தேடுவது சுலபம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை இழுக்கும் பக்கம். ஃபீட் பம்பிலிருந்து பம்ப் வரை தள்ளும் பக்கம். இங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று, ஒன்றரை கிலோ அளவில்தான் இருக்கும். பம்பிலிருந்து நாசில் வரை ஹை பிரஷர். நாசில் திறக்கவே சுமார் 175 கிலோ வேண்டும். டிராக்டரின் பின்டயரில் இருக்கும் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ என்பதை நினைத்துக்கொண்டால் அந்த 175 என்னவென்று புரியும். ஒழுகல் எந்தப் பகுதியில் என்பதைப் பொறுத்தே அதன் குணமும் மருந்தும் மாறும்.

வந்த புகார்

சம்பாவுக்குச் சேற்றுழவு தொடங்கிய வாரம். காலையில் வண்டி உடனே ஸ்டார்ட் ஆவதில்லை. ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்ப்) இருபது முப்பது தடவை அடித்த பிறகே பிடிக்கிறது. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் இறக்கினால், அரைமணி ஒருமணி நேரத்தில் எஞ்சின் ஏறி இறங்கித் திணறுகிறது. ஆக்சிலேட்டரைக் குறைத்து ஐந்து நிமிடம் விட்டால் சரியாகிவிடுகிறது. நிறுத்துமிடத்தில் தரை எப்போதும் கறுத்து ஈரமாக இருக்கிறது.

இதற்கு முன் பார்த்த ஒருவர், பம்பைக் கழற்றி காலிபிரேஷனுக்கு (டீசல் அளவைச் சரிபார்த்துத் திருத்த) கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். சேற்றுழவுக் காலத்தில் பம்பைக் கழற்றினால் நான்கைந்து நாள் வண்டி நிற்கும், செலவும் பெரியது. உரிமையாளர் தயங்கியது அதனால்தான்.

ஓட்டுநர் சொன்ன ஒரு செய்தி முக்கியமானது. “நிறுத்தி வச்சாத்தான் ஒழுவுதுண்ணே, ஓட்டுறப்ப ஒழுவல் நின்னுருது. அதனால பெருசா எடுத்துக்கல.” ஓடும்போது ஒழுகல் நிற்பதை அவர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார். நோயின் பெயரே அந்த வாக்கியத்தில்தான் இருந்தது.

முதல் நாள்: ஒழுகும் இடங்களைக் கண்டது

முப்பது ஆண்டு அழுக்கின் மேல் டீசல் பரவியிருந்தால் எல்லா இணைப்பும் ஒழுகுவது போலவே தெரியும். டீசல் பைப்பின் அடிப்பக்கமாக ஓடி, மிகத் தாழ்ந்த வளைவில் சேர்ந்து அங்கே சொட்டும். சொட்டுகிற இடத்து நட்டை முறுக்குவதால் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான். இந்த வண்டியில் ஃபீட் பம்பின் கீழ் போல்ட்டுதான் அடிவாங்கியிருந்தது. அதன் தலை ஸ்பேனர் வழுக்கி வழுக்கி வட்டமாகியிருந்தது. அந்தப் போல்ட்டில் ஒழுகலே இல்லை.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, டீசலும் பெயின்ட் பிரஷ்ஷும் கொண்டு பம்ப், ஃபில்டர், பைப்புகள் எல்லாம் தேய்த்துக் கழுவப்பட்டன. பிறகு சோப்பு நீர், பிறகு துணியால் துடைத்து, பஞ்சர் கடையிலிருந்து வந்த காற்றால் ஊதிக் காயவைத்தது. காய்ந்ததும் எல்லா இணைப்புகளின் மீதும் முகப்பவுடர் தூவப்பட்டது. திருநீறோ சாக்பீஸ் தூளோ இருந்தாலும் போதும். வெள்ளைப் பரப்பில் டீசல் கசிந்தால் முதலில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி தோன்றும், அது கீழ்நோக்கி நாக்கு நீட்டும். அந்த நாக்கின் மேல்முனைதான் ஓட்டை.

டேங்கை முக்கால் அளவு நிரப்பி, டேப்பைத் திறந்துவைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, ஒழுகல் விழும் இடத்தில் ஒரு டப்பாவும் வைத்து இரவு விடப்பட்டது. காலையில் பத்து மணி நேரத்தில் டப்பாவில் சேர்ந்தது 140 மில்லி. மாதக் கணக்கில் நாலு லிட்டருக்கு மேல். பவுடரில் தெரிந்த இடங்கள் இவை:

டேங்க் டேப்பின் மரை. பழைய டெஃப்லான் டேப் சுற்றி, அதன் மேல் எம்சீல் பூசியிருந்தது.

டேப்பிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் பைப். இது வண்டியோடு வந்த இரும்புப் பைப் அல்ல. என்றோ மாற்றிய செம்புக் குழாய். நடுவில் உடைந்ததால் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ் சொருகி, இரு முனையிலும் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. ரப்பர் உப்பி மெத்தென்று இருந்தது; கம்பி அதற்குள் புதைந்து வெட்டியிருந்தது.

ஃபில்டரின் ஒரு பேஞ்சோ போல்ட் (பைப் முனையின் வளையக் கண்ணுக்குள் நுழைத்து முறுக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்).

ரிட்டர்ன் ஹோஸ், டேங்கின் மேல் மூக்கில் சொருகும் இடம். சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தது; அதில் ஊறியிருந்த டீசலே இங்கே கசிந்தது.

எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது ஐந்தாவதாக ஒன்று தெரிந்தது: இரண்டாம் சிலிண்டரின் ஹை பிரஷர் பைப், பம்பு முனையில். நின்றிருந்தபோது அங்கே பவுடர் உலர்ந்தே இருந்தது. ஓடத் தொடங்கிய பத்து விநாடியில் கரைந்து போனது. ஓட்டுநர் பழக்கத்தில் கட்டைவிரலை அந்த நட்டின் மேல் வைக்கப் போனார். உடனே தடுக்க வேண்டியிருந்தது. அந்த அழுத்தத்தில் முடியளவு விரிசலிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். வெளியே எறும்புக் கடி போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இராது. சில மணி நேரத்தில் விரல் வீங்கிக் கறுக்கும். அப்படி நேர்ந்தால் களிம்பு போட்டுக் காத்திருக்காமல், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லி உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹை பிரஷர் கசிவைப் பார்க்க ஒரு அட்டைத் துண்டைக் குச்சியில் சொருகி அருகே நீட்டினால் போதும், ஈரக்கோடு விழும்.

காற்று எங்கே புகுந்தது

ஒழுகல்கள் கிடைத்துவிட்டன. சேற்றில் திணறுவதற்கு எது காரணம் என்பது தனிக் கேள்வி. ஃபீட் பம்பின் வெளிவாயிலிலிருந்து ஃபில்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் தற்காலிகமாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஹோஸ் போடப்பட்டது. ஐடிலில் டீசல் தெளிவாக ஓடியது. ஆக்சிலேட்டரைக் கூட்டி நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் போனதும் கடுகு அளவுக் குமிழ்கள் வரிசையாக வந்தன. இன்னும் கூட்டினால் வெண்மையாக நுரைத்தது.

அடுத்து, ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி டேங்கின் உயரத்துக்குத் தொங்கவிட்டு, புதிய ஹோஸில் நேராக ஃபீட் பம்பின் உள்வாயிலுக்குக் கொடுக்கப்பட்டது. குமிழ் நின்றுவிட்டது. எந்த வேகத்திலும் வரவில்லை. ஆக, குறை டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். கேன் வைத்தும் குமிழ் வந்திருந்தால் ஃபீட் பம்பையோ அதன் உள்வாயில் வாஷரையோ சந்தேகித்திருக்க வேண்டும். இந்தச் சோதனைக்குக் கால்மணி நேரம் ஆனது. பம்பைக் கழற்றும் பேச்சு அதோடு முடிந்தது.

டேங்க் மேலே இருக்கும்போது, டீசல் தானாக இறங்கும் லைனில் எப்படிக் காற்று புகும் என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. வண்டி நிற்கும்போது டேங்கின் உயரமே டீசலைத் தள்ளுகிறது. ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வரும். ஓடும்போது ஃபீட் பம்ப் இழுக்கிறது. டேங்கிலிருந்து தாராளமாக வந்தால் அந்த இழுவை தெரியாது. வரும் வழி அடைந்திருந்தால் பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகி, அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வரும். “ஓடும்போது ஒழுகல் நிற்கிறது” என்று ஓட்டுநர் சொன்னது இதைத்தான்.

அப்படியானால் வழி அடைந்திருக்க வேண்டும். டேங்கைக் காலிசெய்து டேப்பைக் கழற்றியபோது, அதன் மேல்தண்டில் இருந்த வலை முக்கால் பாகம் அடைபட்டிருந்தது. துருச் செதில்களும், விரலில் எடுத்தால் வழவழக்கும் கறுப்புக் கசடும். டேங்கின் அடியில் நீர் தங்கினால் சேரும் கசடு அது. ஃபீட் பம்பின் உள்வாயில் போல்ட்டுக்குள் இருக்கும் சிறு வலையில், டேப்பின் மரையிலிருந்து பிய்ந்து வந்த டெஃப்லான் இழைகள் முடிபோலச் சுற்றிக் கிடந்தன.

டெஃப்லான் டேப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். தண்ணீர்க் குழாய்க்கு அது நல்ல பொருள். டீசல் லைனில், வாஷரால் அடைக்கும் இணைப்புகளில் அதற்கு வேலையே இல்லை. அறுந்த இழை ஃபில்டருக்கு முன்னால் போனால் வலையை அடைக்கும். ஃபில்டருக்குப் பின்னால் சுற்றியிருந்தால் பம்பின் டெலிவரி வால்வில் போய் உட்காரும்.

இன்னொரு குறையும் வெளிப்பட்டது. இந்தப் பம்பின் கேம் பகுதிக்குத் தனி ஆயில். அதன் லெவல் ஸ்குரூவைத் தளர்த்தியதும் தண்ணீர்போல் நீர்த்த ஆயில் வழிந்தது, டீசல் வாடை. ஃபீட் பம்பின் தண்டு தேய்ந்து, டீசல் உள்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டும் தெரியாத ஒழுகல் இது. தனி ஆயில் இல்லாத வண்டிகளில் இதே டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பம்பைத் தொடுவதில்லை. நல்ல டீசல் கொடுத்தபோது எஞ்சின் சீராக ஓடியது, புகையும் கறுக்கவில்லை.

இழுக்கும் பக்கத்தை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுவது. ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்த பலவீனமான இடத்தில் காற்று புகும். நான்கு இணைப்பையும் ஒரே நாளில் பிரித்துச் சேர்ப்பதே நேரமும் மிச்சம்.

ஃபீட் பம்பை முழுதாக மாற்றுவது. அதன் வால்வும் ஸ்பிரிங்கும் ஓ-ரிங்கும் கிட்டாகக் கிடைக்கும். ஆனால் தேய்ந்தது தண்டும் அது ஓடும் துளையும். அதற்குக் கிட் உதவாது.

ஹை பிரஷர் பைப்பில் பற்றவைப்பு கிடையாது என்பதில் விவாதம் எழுந்தது. பித்தளை பிரேசிங் போட்டு விரிசலை அடைத்துத் தருவதாக அருகில் ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள், உரிமையாளருக்கும் சபலம். பிரேசிங் சூட்டில் பைப்பின் உறுதி குறையும், உள்துளையில் பொருக்கு சேரும். சுமார் ஆறு மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பைப்பில் உள்துளை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் ஒரு மணல் அளவு பொருக்கு உதிர்ந்தால் நேராக நாசிலுக்குப் போகும். தவிர, விண்டுபோனால் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் டீசல் பனியாகச் சீறும். டீசல் தீப்பிடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நம் நாட்டு டீசல் தரத்தில் அதன் தீப்பற்று நிலைக்கு வகுத்த குறைந்தபட்ச வரம்பு 35 டிகிரி செல்சியஸ். கோடையில் பானெட்டுக்குள் அதைவிடச் சூடு. வைக்கோல் கட்டும் வேலைக்குப் போகும் வண்டியில் இந்த அபாயத்தை எடுக்க முடியாது. புதுப் பைப் வாங்குவதென்று முடிவானது.

இரண்டாம் நாள்: இழுக்கும் பக்கமும் தள்ளும் பக்கமும்

டேங்கைக் கழற்றி, இரண்டு லிட்டர் டீசல் ஊற்றிக் குலுக்கி வடித்தது, நாலு முறை. நாலாவது முறைதான் கழிவு தெளிந்தது. டேங்கில் வெல்டிங் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் அந்த வேலையை வேறு நாளுக்குத் தள்ளியிருக்க வேண்டும். ஆவி நிற்கும் டேங்கில் நெருப்பு வைப்பது உயிரைப் பணயம் வைப்பது.

டேப் புதிது, வலையோடு. மரையில் பசை எதுவும் இல்லை. புது ஃபைபர் வாஷர் மட்டும்.

பழைய மாடலுக்கான இழுக்கும் பைப் தஞ்சாவூரில் கிடைக்கவில்லை. அதனால் லேத் பட்டறையில் அதே வெளிவிட்டத்தில் இரும்புக் குழாய் எடுத்து, பழைய பைப்பின் பேஞ்சோ கண்களை வெட்டி இரு முனையிலும் பிரேசிங் செய்தது. அழுத்தம் குறைந்த இந்தப் பக்கத்தில் பிரேசிங் சரிதான். செம்பு வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு: செம்புக் குழாய் எளிதில் வளையும், ஆனால் எஞ்சின் அதிர்வில் நாளாக ஆக இறுகி, வளைவில் வெடிக்கும். இந்த வண்டியில் உடைந்ததும் வளைவில்தான். டீசலைக் கெடுத்துப் பிசுபிசுப்பு உண்டாக்கும் தன்மையும் செம்புக்கு இருக்கிறது.

பிரேசிங் முடிந்த பைப்பை அப்படியே மாட்டக் கூடாது. வெண்காரம் கண்ணாடிபோல் உள்ளே ஒட்டியிருக்கும். வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கம்பி விட்டுக் குடைந்து, காற்றால் ஊதி, டீசலால் அலசினார்கள். பிறகு ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் பஞ்சர் கடைக் காற்று 30 பவுண்டு கொடுத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தது. ஒரு கண்ணின் கழுத்தில் மெல்லிய குமிழ்ச்சரம் வந்தது. திரும்பவும் பற்றவைத்து மறுபடி சோதித்தார்கள். வாளிச் சோதனை செய்யாமல் மாட்டியிருந்தால் அதே ஒழுகலோடு வண்டி வயலுக்குப் போயிருக்கும்.

பைப் எஞ்சினைத் தொட்டு ஓடும் இரண்டு இடங்களில் ரப்பர் வைத்த கிளாம்ப். டேங்க், எஞ்சின் இரண்டும் வெவ்வேறாக அதிர்வதால் நடுவில் வளைந்துகொடுக்கும் ஒரு பகுதி தேவை; அங்கே உள்விட்டம் பொருந்தும் நைட்ரைல் (டீசலைத் தாங்கும் செயற்கை ரப்பர்) டீசல் ஹோஸ், ஸ்குரூ கிளிப்போடு. சைக்கிள் டியூப் போன்ற இயற்கை ரப்பர் டீசலைக் குடித்து உப்பும். ஒளி ஊடுருவும் சாதாரண பிளாஸ்டிக் ஹோஸ் சில மாதத்தில் விறைத்து வெடிக்கும். இரண்டுமே சோதனைக்கும் அவசரத்துக்கும்தான். ரிட்டர்ன் லைனிலும் இதே நைட்ரைல் ஹோஸ் போடப்பட்டது.

செம்பு வாஷர் எண்ணிக்கை: டேப்புக்கு 2, ஃபீட் பம்புக்கு 4, ஃபில்டருக்கு 4, பம்பின் உள்வாயிலுக்கும் ஓவர்ஃப்ளோவுக்கும் 4, நாசில்களின் ரிட்டர்ன் பேஞ்சோவுக்கு 6. மொத்தம் 20. கண்ணின் இருபுறமும் ஒவ்வொன்று என்பதால் எல்லாமே ஜோடி. கடையில் ஃபில்டருக்கான அளவு நான்கும் இருப்பில் இல்லை. பழைய நான்கையும் செவ்வாகக் காய்ச்சி, ஆறவிட்டு, மட்டமான கண்ணாடி மேல் நைஸ் எமரித் தாள் வைத்துத் தேய்த்து மாட்டினார்கள். காய்ச்சினால் இறுகிய செம்பு மீண்டும் இளகும் என்பது உண்மை. ஆழமாகப் பள்ளம் விழுந்த வாஷரை அது காப்பாற்றாது. அந்தக் கணக்குப் பிசகியதன் விளைவு மறுநாள் தெரிந்தது.

ஹை பிரஷர் பைப்

இரண்டாம் பைப்பைக் கழற்றியதும் காரணம் கண்முன்னே இருந்தது. பைப் முனையில் உள்ள கூம்புக்குப் பின்னால், நட்டு மறைக்கும் இடத்தில், பாதிச் சுற்றுக்கு மயிரிழை விரிசல். கூம்பு தட்டையாகி உள்துளை சுருங்கியிருந்தது. ஒழுகுகிறது என்று நட்டை இறுக்க, விரிசல் பெரிதாக, மேலும் இறுக்க, கூம்பு நசுங்கியது. விரிசல் விட்டது ஏன் என்றால், மூன்று பைப்புகளையும் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் இல்லை. முன்பு எஞ்சின் பிரித்தபோது திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். கிளாம்ப் இல்லாத ஹை பிரஷர் பைப் ஒவ்வொரு அடிக்கும் துடிக்கும். துடிப்பு முழுதும் கூம்பின் கழுத்தில் இறங்கும்.

அதே நீளம், அதே உள்துளை உள்ள புதுப் பைப்பே வாங்கப்பட்டது. மூன்றும் ஒரே நீளமாக இருப்பதற்குக் காரணம் மூன்று நாசிலுக்கும் டீசல் ஒரே நேரக் கணக்கில் போய்ச் சேர வேண்டும் என்பது. வளைவு சற்று மாறுகிறது என்று கையால் வளைத்துப் பொருத்தக் கூடாது. இரு முனையும் தானாகக் கூம்பில் உட்கார்ந்து, இரு நட்டும் விரலாலேயே நாலைந்து சுற்று ஏற வேண்டும். பிறகு கிளாம்பைத் தளர்வாக மாட்டி, நட்டுகளை முறுக்கி, கடைசியில் கிளாம்பை இறுக்கினார்கள். பம்பு முனையில் நட்டைத் திருப்பும்போது கீழே இருக்கும் டெலிவரி வால்வு ஹோல்டரை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்வது கட்டாயம். அது கூடவே திரும்பினால் பம்பின் உள்ளே வேறு ஒழுகல் தொடங்கும். முறுக்கு 2 முதல் 2.5 kgf-m (ஒரு மீட்டர் நீளப் பிடியின் முனையில் 2 முதல் 2.5 கிலோ எடை தரும் விசை) அளவில் போதும். சாதாரண நீள ஸ்பேனரில் ஒரு கையின் பலம். ஸ்பேனரில் குழாய் சொருகி முறுக்கும் பழக்கம்தான் பழைய கூம்பைக் கொன்றது.

ஏர் எடுத்தல்

லைனில் நிற்கும் காற்றை வெளியேற்றுவதுதான் ஏர் எடுத்தல். ஃபில்டர் இரண்டும் புதிது போட்டதால் கிண்ணங்கள் காலி. முதல் ஃபில்டரின் ஏர் ஸ்குரூவைத் திறந்து பிரைமர் அடித்தது, நூறு தடவைக்கு மேல். நுரை போய்த் தெளிந்த டீசல் வந்ததும், பிரைமரை அடித்துக்கொண்டே ஸ்குரூவை மூடியது. பிறகு இரண்டாம் ஃபில்டர், பிறகு பம்பின் ஸ்குரூ. இந்த வரிசை மாறினால் முன்னால் நிற்கும் காற்று பின்னால் போய்விடும், திரும்பவும் தொடங்க வேண்டும்.

அடுத்து நாசில் முனையில் மூன்று நட்டையும் ஒரு சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து செல்ஃப் அடித்தது. ஒரு தடவைக்குப் பத்து விநாடி, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடாகிவிடும். மூன்றாம் முறையில் டீசல் துடித்து வந்தது. நட்டுகளை இறுக்கியதும் ஸ்டார்ட் ஆனது. பம்பு ஆயிலையும் முழுதாக வடித்துப் புதிதாக ஊற்றினார்கள். தண்ணீரான ஆயிலில் கேமும் டேப்பெட்டும் தேய்ந்துகொண்டிருந்தன. புது ஃபீட் பம்ப் மட்டும் போட்டு இதை மறந்தால் பாதி வேலைதான்.

மூன்றாம் நாள்: இரண்டு தவறுகள் வெளிப்பட்டன

இரவு மறுபடி செய்தித்தாள் விரித்திருந்தது. காலையில் ஒரே ஒரு கறை, நாலணா அளவு. ஃபில்டரின் பேஞ்சோ. காய்ச்சிப் போட்ட பழைய வாஷர். நான்கையும் புதிதாக வாங்கி மாற்றியதும் பவுடர் உலர்ந்தே இருந்தது.

வண்டி வயலுக்குப் போனது. டேங்க் முழுதாக நிரப்பியிருந்தது. நாற்பது நிமிடம் அருமையாக உழுதது. பிறகு சொல்லிவைத்தாற்போல் இறங்கி, நின்றேவிட்டது. பழைய திணறல்கூட இல்லை, விளக்கு அணைவதுபோல. பிரைமர் அடித்தால் கையோடு இழுக்கிறது, திரும்ப வரவில்லை.

லைன் முழுதும் புதிது என்பதால் எல்லோரும் முதலில் புது ஃபீட் பம்பைத்தான் பார்த்தார்கள். ஓட்டுநர் டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தார். “அண்ணே, மூடியத் தொறந்தா உஸ்ஸுன்னு காத்து உள்ள போவுது!” அதன்பின் நாலைந்து பிரைமரில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மூடியில் காற்று போவதற்கு இருக்கும் துளை அடைபட்டிருந்தது. பள்ளத்தில் இறங்கும்போது டீசல் தளும்புகிறது என்று யாரோ லாரி டியூப்பை வட்டமாக வெட்டி மூடிக்குள் வைத்திருக்கிறார்கள். அது துளையையும் மூடிவிட்டது. இத்தனை நாளும் டேங்குக்குக் காற்று எங்கிருந்து போனது? சைக்கிள் டியூப் சுற்றிய ரிட்டர்ன் ஹோஸின் கசியும் மூட்டு வழியாக. அந்த மூட்டு டேங்கின் மேல்பக்கம், டீசல் மட்டத்துக்கு மேலே. அதை இறுக்கமாக அடைத்ததும் டேங்கின் கடைசி மூச்சுவழியும் அடைந்தது. ஒரு குறை இன்னொரு குறைக்கு முட்டுக்கொடுத்து நின்றிருந்தது.

டியூப் வட்டத்தை எடுத்துவிட்டு, கார்க் வாஷர் போட்டு, துளையை ஒரு மில்லிமீட்டர் கம்பியால் குத்தி ஊதினார்கள். அன்று மாலை வரை வண்டி நிற்காமல் ஓடியது.

அதன்பின்

சேற்றுழவு முடியும் வரை, ஏறக்குறைய மூன்று வாரம், வண்டி நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் ஓடியது. காலையில் பிரைமர் தேவைப்படவில்லை. முதல் வாரத்துக்குப் பிறகு எல்லாப் பேஞ்சோ போல்ட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்ததில் இரண்டு கால்சுற்று ஏறின. புதுச் செம்பு உட்கார்ந்த பிறகு இது வழக்கம். ஹை பிரஷர் நட்டுகளைத் தொடவில்லை. பம்பின் லெவல் ஸ்குரூவில் ஆயில் மட்டம் மாறவில்லை, டீசல் வாடையும் இல்லை. அறுவடை முடிந்து டிரெய்லர் வேலைக்குப் போனபோது பார்த்ததில், கீழ் கிளாம்பின் ரப்பர் மட்டும் நகர்ந்து பைப் பிளாக்கில் உரசிக்கொண்டிருந்தது. பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்த நிலையிலேயே கண்ணில் பட்டதால் ரப்பரை மாற்றியதோடு முடிந்தது.

இதே வேலை மறுபடி வந்தால்

டேங்க் மூடியைத் திறந்து மூடிப் பார்ப்பது முதல் வேலையாக இருக்கும், கழுவுவதற்கும் முன்னால். ரிட்டர்ன் லைனை அடைப்பதற்கு முன் டேங்குக்குக் காற்று போகும் வழியை உறுதிசெய்திருந்தால் வயலில் அரைநாள் போயிருக்காது.

வாஷர் 20-உம் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்குவதில்லை. நான்கு வாஷருக்காக ஃபில்டரை இரண்டு முறை பிரித்து, இரண்டு முறை ஏர் எடுக்க நேர்ந்தது.

கேன் சோதனை முதல் நாள் காலையிலேயே நடந்திருக்க வேண்டும். இரவு முழுதும் ஒழுகல் பார்த்த பிறகு செய்தது வீண் தாமதம். திணறலுக்கும் ஒழுகலுக்கும் தனித்தனியாக விடை தேடலாம்.

ஒன்றாம், மூன்றாம் ஹை பிரஷர் பைப்புகள் பழையவையே. அவையும் கிளாம்ப் இல்லாமல் அத்தனை ஆண்டு துடித்தவை. கூம்பின் கழுத்தை லென்ஸ் வைத்துப் பார்த்ததில் விரிசல் தெரியவில்லை என்பதால் விட்டார்கள். அடுத்த கோடையில், வண்டிக்கு வேலை இல்லாத மாதத்தில், அந்த இரண்டையும் மாற்றுவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பைப்புகள் வாங்கி, முனைகளில் பிளாஸ்டிக் மூடியோடு, வீட்டுப் பரணில் இருக்கின்றன.